பக்கத்து நிறம்



கூட்டத்தை ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். நான் மூன்று காரியம் கேட்டேன். ஐந்தரைக்கே தொடங்க வேண்டும். ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். வாசல் வராந்தாவில் பழைய குண்டு பல்பு ஒன்றைப் போட வேண்டும். மூன்றையும் செய்திருக்கிறார்கள். எதற்காகக் கேட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெரியப்பா காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். எந்த நூல் கழியின் நிறத்தையும் தனியாகப் பார்த்து அவர் சரி என்றோ தப்பு என்றோ சொன்னதில்லை. "கரை நூல் எங்கே? அதைக் கொண்டா" என்பார். புடவையின் உடல் அரக்கு, கரை பச்சை என்றால் இரண்டு கழியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். "இந்தச் சாயம் நல்லா இருக்கான்னு பாக்க இன்னொரு சாயம் எதுக்கு பெரியப்பா?" என்று கேட்டேன். "பச்சை பக்கத்துல போனா இது வேற சிவப்பா ஆயிடும்டா" என்றார். அதை அன்று நான் நம்பவில்லை. ஒரு நூலின் நிறம் அந்த நூலில்தானே இருக்க வேண்டும்?

இதே கேள்வியில் சிக்கிக்கொண்ட இன்னொரு சாயக்காரரைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். மிஷேல் யூஜேன் ஷெவ்ரோல் என்று பெயர். பிரான்ஸ் நாட்டு வேதியியல் அறிஞர். கொழுப்பையும் சோப்பையும் ஆராய்ந்து பெயர் பெற்றிருந்த அவரை, 1824-இல் பாரிஸிலிருந்த கோப்லான் நெசவாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக்கினார்கள். சித்திரங்களைக் கம்பளி நூலால் திரைச்சீலையாக நெய்யும் அரசாங்க ஆலை அது. அவர் மேசைக்கு வந்த புகார்களில் ஒன்று கறுப்பைப் பற்றியது. நீலம், ஊதா ஆடைகளின் மடிப்புகளில் நிழல் காட்டக் கறுப்பு நூல் ஓட்டுவார்கள். அந்தக் கறுப்பு சோகை பிடித்தாற்போல் வெளிறித் தெரிகிறது, சாயத்தில் ஏதோ கோளாறு என்று புகார்.

வேதியியல்காரர் அல்லவா, முதலில் சாயத்தைத்தான் சந்தேகித்தார். வேறு பட்டறைகளின் கறுப்பு நூலை வரவழைத்துத் தம்முடையதோடு ஒப்பிட்டார். குறை ஒன்றும் அகப்படவில்லை. தனியே நல்ல கறுப்பாக இருந்த நூல், நீலத்தின் பக்கத்தில் போனதும் வெளிறியது. தொட்டியில் தேடிய கோளாறு கண்ணில் இருந்தது. நீலத்தைப் பார்க்கும் கண், நீலத்துக்கு எதிரான ஆரஞ்சின் சாயலைப் பக்கத்தில் இருக்கும் எதன்மேலும் மெல்லப் பூசிவிடுகிறது. கறுப்பின்மேல் அந்தச் சாயல் படிந்தால் பலமுறை துவைத்த துணியின் பழுப்புக் கறுப்புதானே தெரியும்!

அதற்குப் பிறகு ஷெவ்ரோல் நிறங்களை இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1839-இல் அதைப் பெரிய நூலாக வெளியிட்டார். அவர் சொன்ன விதியை ஓர் உதாரணத்தால் சொல்லிவிடலாம். ஒவ்வொரு நிறமும் தன் எதிர்நிறத்தின் சாயலைப் பக்கத்து நிறத்தின்மேல் வீசுகிறது. சிவப்புக்குப் பக்கத்தில் ஆரஞ்சை வையுங்கள். சிவப்பு தன் எதிரான பச்சைச் சாயலை ஆரஞ்சின்மேல் வீசும்; ஆரஞ்சு கொஞ்சம் மஞ்சள் பக்கம் நகர்ந்துவிடும். இப்போது சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையை வையுங்கள். சிவப்பு வீசுவது பச்சை. அது பச்சையின்மேலேயே போய் விழுகிறது. பச்சை வீசுவது சிவப்பு. அது சிவப்பின்மேல் விழுகிறது. இரண்டும் இடம் மாறவில்லை, இரண்டுக்கும் நிறம் கூடிவிட்டது. பக்கத்தில் இருப்பதாலேயே ஒன்றை ஒன்று வளர்க்கும் இந்த இணைகளைத்தான் பாடப்புத்தகத்தில் நிரப்பு நிறங்கள் என்கிறோம். புடவைக் கடையில் 'கான்ட்ராஸ்ட் பார்டர்' என்று கேட்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கணக்கும் பெரும்பாலும் இதுதான்.

ஷெவ்ரோல் 102 வயது வாழ்ந்து, ஐஃபெல் கோபுரம் எழுந்த 1889-ஆம் ஆண்டில் இறந்தார். அந்தக் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 பெயர்களில் அவருடையதும் ஒன்று. ஒரு புகாரை அலட்சியம் செய்யாமல் கடைசிவரை துரத்திப் போன மனிதர் என்பதற்காகவே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

இப்போது ஒரு சோதனை. திரையில் சிவப்புச் சதுரம் தெரிகிறது. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. கண்ணை அசைக்காமல் அந்தப் புள்ளியையே முப்பது விநாடி பாருங்கள். … சரி. இப்போது திரை வெள்ளை. என்ன தெரிகிறது? பச்சை என்கிறார் முன்வரிசையில் ஒரு தம்பி. நீலம் என்கிறார் ஓரமாக உட்கார்ந்திருக்கும் அம்மா. இருவர் சொல்வதும் சரிதான். நீங்கள் பார்த்தது வாழையிலைப் பச்சை இல்லை. நீலம் கலந்த பச்சை.

மாணவர்கள் குழம்பும் இடம் இது. ஓவியப் பள்ளியில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் மூலமாக வைத்து வட்டம் போடுவோம். அதில் சிவப்புக்கு எதிரே பச்சை, நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு, மஞ்சளுக்கு எதிரே ஊதா. ஒளியை வைத்துக் கணக்குப் போடும் கணினித் திரையில் சிவப்புக்கு எதிரே சியான், பச்சைக்கு எதிரே மெஜன்டா, நீலத்துக்கு எதிரே மஞ்சள். முதலாவது குழைத்துப் பழகியவர்களின் கைக்கணக்கு. இரண்டாவது ஒளியின் கணக்கு. தூரிகை பிடிக்கும்போது முதலாவது போதும். கேமராவும் கணினியும் வந்துவிட்டால் இரண்டாவதைத் தெரிந்துகொள்ளாமல் முடியாது.

கண் ஏன் இப்படிச் செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் விழித்திரையில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. அவை தரும் செய்தியை நரம்புகள் அப்படியே மூளைக்கு அனுப்புவதில்லை. கழித்துப் பார்த்து அனுப்புகின்றன. சிவப்பா பச்சையா, நீலமா மஞ்சளா, வெளிச்சமா இருட்டா என்று மூன்று தராசு. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய உடலியல் அறிஞர் எவால்ட் ஹெரிங் வாதிட்டார். ஒரு தட்டில் வெகுநேரம் பாரம் வைத்து எடுத்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வைத்தான் வெள்ளைத் திரையில் பார்த்தீர்கள். அறுவை அரங்கில் மருத்துவர்கள் பச்சையோ நீலப்பச்சையோ உடுத்துவதற்கும் இது ஒரு காரணம். ரத்தத்தையே உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைத் துணியைப் பார்த்தால் அங்கே பச்சைப் பேய் மிதக்கும். துணியே பச்சையானால் அது தெரியாது.

இனி என் மனதுக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். பக்கத்தில் நின்றால் ஒன்றை ஒன்று வளர்க்கும் இதே இரண்டு நிறங்களை ஒரே கிண்ணத்தில் குழையுங்கள். இரண்டும் செத்துப்போகும். சிவப்பும் பச்சையும் சேர்ந்து சேற்று நிறம். நீலமும் ஆரஞ்சும் சேர்ந்து சாம்பல். தறியிலும் அப்படித்தான். பாவில் சிவப்பும் ஊடையில் பச்சையும் ஓடினால் புடவையைச் சிவப்பு என்றும் சொல்ல முடியாது, பச்சை என்றும் சொல்ல முடியாது. பழுப்புத் தட்டி, மடிப்புக்கு மடிப்பு மாறும். அது வேறொரு அழகு. ஆனால் உடல் சிவப்பு, கரை பச்சை என்று பிரித்து நெய்த புடவையின் அதிர்வு அதில் வராது. அந்தப் பிரிவைக் காப்பதற்குத்தான் கோர்வை நெசவில் அவ்வளவு பாடு. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, மறுபக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள். வரிக்கு வரி இருவரும் கை சேர்ந்து வேலை செய்தால்தான் கரையின் நிறம் உடலுக்குள் கலக்காமல் நிற்கும்.

அப்படியானால் எவ்வளவு நெருங்கலாம்? அதையே தம் வாழ்நாள் கேள்வியாக எடுத்துக்கொண்டவர் ஓவியர் ஜார்ஜ் சூரா. 1884-இல் தொடங்கி 1886-இல் காட்சிக்கு வைத்த 'கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு பிற்பகல்' ஓவியம் இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். முழுவதும் சின்னச் சின்னத் தூரிகைப் புள்ளிகள். புல்வெளியின் பச்சைக்கு நடுவே ஆரஞ்சு, நிழலுக்குள் நீலம். கிண்ணத்தில் குழைத்தால் சாகும் நிறங்களைத் தனித்தனிப் புள்ளியாக வைத்தால் கண்ணிலேயே உயிரோடு கலக்கும் என்று நம்பினார். எனக்கு அந்த ஓவியத்தின்மேல் பெரும் பிரியம் உண்டு. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: எதிர்நிறப் புள்ளிகள் மிகச் சிறியவையாகி, நாம் மிகத் தள்ளி நின்றால், கண் அவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாமல் மறுபடியும் சாம்பலாக்கிவிடுகிறது. கிண்ணத்தில் நடந்ததே கண்ணிலும் நடக்கிறது. புள்ளி ஒன்றாய்க் கரைந்தும் கரையாமலும் தெரியும் தூரத்தில் நிற்கும்போதுதான் அந்த ஓவியம் மினுக்குகிறது.

ஒரேயடியாக மோதவிட்டாலும் சிக்கல்தான். அடர்ந்த சிவப்புப் பலகையில் அதே அளவு வெளிச்சமுள்ள பச்சையில் எழுதிய கடைப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். எழுத்தின் விளிம்பு நடுங்கும். படிக்க முடியாமல் கண் வலிக்கும். அப்படிப்பட்ட இணைகளுக்கு நடுவே வெள்ளையோ கறுப்போ ஒரு கோடு ஓட்டிப் பிரிக்கலாம் என்று ஷெவ்ரோல் எழுதினார். நம் நெசவாளர்கள் உடலும் கரையும் சேரும் இடத்தில் தாழம்பூ ரேக்கு என்று பல்பல்லாக ஒரு ஜரிகை வரிசை ஓட்டுகிறார்களே, கண்ணுக்கு அது செய்யும் உபகாரமும் அதுதான்.

வின்சென்ட் வான் கோவிடம் ஒரு சின்ன அரக்குப் பெட்டி இருந்தது. உள்ளே பல நிறக் கம்பளி நூல் உருண்டைகள். ஓவியத்துக்கான நிற இணைகளை நூலை முறுக்கிச் சேர்த்துப் பார்த்துச் சோதிப்பாராம். அந்தப் பெட்டி இன்றும் ஆம்ஸ்டர்டாமில் வான் கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தை முதன்முதலில் பார்த்தபோது கழிகளை வெளிச்சத்தில் பிடித்து நின்ற பெரியப்பாவின் கைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

1888 செப்டம்பரில், தெற்கு பிரான்ஸின் ஆர்ல் நகரத்தில், அவர் இரண்டு இரவுக் காட்சிகள் வரைந்தார். இரண்டும் காபிக் கடைகள். ஒன்று வெளியிலிருந்து: விளக்கொளியில் மஞ்சளாக எரியும் தாழ்வாரம், மேலே நட்சத்திரம் பூத்த நீல வானம். அந்த இடத்தில் போய் உட்கார வேண்டும் போலிருக்கும். இன்னொன்று உள்ளே: விடியும்வரை திறந்திருக்கும், போக்கிடம் இல்லாதவர்கள் மேசையில் கவிழ்ந்து கிடக்கும் கடை. சுவர் ரத்தச் சிவப்பு, கூரை பச்சை, நடுவே பச்சை பில்லியர்ட்ஸ் மேசை, விளக்குகளைச் சுற்றி மஞ்சளும் பச்சையுமாக ஒளி வளையம். மூன்று இரவு கண்விழித்து, பகலில் தூங்கி, அதை வரைந்தார். மனித மனத்தின் பயங்கரமான வேட்கைகளைச் சிவப்பாலும் பச்சையாலும் சொல்ல முயன்றதாகத் தம்பி தியோவுக்கு எழுதினார்.

இரண்டு ஓவியங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதம், ஒரே ஊர், ஒரே கை. இரண்டிலும் எதிர்நிறங்கள். பின் ஒன்று ஏன் அழைக்கிறது, ஒன்று ஏன் விரட்டுகிறது? மஞ்சளும் நீலமும் வெளிச்சத்திலும் வேறுபட்டவை. ஒன்று விளக்கு, ஒன்று இருட்டு என்று கண் உடனே பிரித்து இளைப்பாறுகிறது. சிவப்பும் பச்சையும் வெளிச்சத்தில் ஏறத்தாழச் சமம். எது முன்னால், எது பின்னால் என்று கண்ணுக்கு முடிவே கிடைப்பதில்லை. அந்த அறையில் அவர் உணர்ந்த நிம்மதியின்மையை நம் கண்ணுக்குள்ளேயே உண்டாக்கிவிட்டார். எதிர்நிறம் என்றாலே பளிச்சென்று அழகாக இருக்கும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த ஓவியத்தைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

வெளிச்சத்தை நிறத்திலிருந்து பிரித்துப் பார்க்க இன்னொரு ஓவியம். கிளாட் மொனே 1872-இல் லஹாவ்ர் துறைமுகத்தை வரைந்த 'சூரிய உதயம், ஒரு பதிவு'. சாம்பல் நீலப் பனிமூட்டம், அதில் சின்னதாக ஓர் ஆரஞ்சு வட்டம். உங்கள் போனில் அதை எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும்! சுற்றியுள்ள வானத்தைவிட அது வெளிச்சமானதே இல்லை. ஹார்வர்டு நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதைச் சுட்டிக்காட்டினார். மூளையில் நிறம் பார்க்கும் பகுதிக்குச் சூரியன் தெரிகிறது. இடமும் அசைவும் பார்க்கும் பகுதி நிறக்குருடு, அதற்குத் தெரிவதில்லை. இருக்கிறது, இல்லை என்ற இந்த இழுபறியில்தான் அந்தச் சூரியன் துடிக்கிறது என்பது அவர் விளக்கம். அளவையும் கவனியுங்கள். நீலம் ஒரு கடல், ஆரஞ்சு ஒரு பொட்டு. இரண்டையும் பாதிக்குப் பாதி வைத்திருந்தால் அது கொடித்துணியாகியிருக்கும்.

புகைப்படக்காரர்களை இவ்வளவு நேரம் காக்க வைத்துவிட்டேன். கறுப்பு வெள்ளைக் காலத்திலேயே எதிர்நிறம் உங்கள் பையில் இருந்தது. மேகம் எடுக்க மஞ்சள் ஃபில்டர் போடச் சொல்லித் தந்த ஸ்டுடியோக்காரர்கள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள். 1927 ஏப்ரலில் ஆன்சல் ஆடம்ஸ் என்ற இளைஞர் கனமான கேமராவோடு அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஏறி, ஹாஃப் டோம் பாறையின் முகத்தை மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். எடுத்ததும் வானம் வெளிறிவிடும், மனதில் தெரியும் படம் இதில் வராது என்று உறைத்தது. மிஞ்சியிருந்த கடைசித் தகட்டில் அடர் சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தார். சிவப்புக் கண்ணாடி வானத்தின் நீலத்தை உள்ளே விடாது. வானம் ஏறக்குறையக் கறுத்தது, பாறை முகம் மட்டும் எழுந்து நின்றது. படத்தில் ஒரு நிறமும் இல்லை. ஆனால் அதைச் செய்தது நிறம். கலர் பிலிம் வந்தபோது எதிர்நிறம் நெகடிவுக்குள்ளேயே குடியேறிவிட்டது. கல்யாண ஆல்பத்தோடு பழைய நெகடிவ் சுருள் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மணப்பெண்ணின் சிவப்புப் பட்டு அங்கே சியானாக இருக்கும்.

1984-இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் ஸ்டீவ் மக்கரி எடுத்து, அடுத்த ஆண்டு நேஷனல் ஜியாகிராஃபிக் அட்டையில் வந்த ஆப்கன் சிறுமியின் படம் எல்லோருக்கும் தெரியும். கண்ணின் பச்சையைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அந்தச் செம்பழுப்புச் சால்வையில் இருக்கும் ஓட்டைகளைப் பாருங்கள். ஓட்டை வழியே உள்ளே உடுத்திய பச்சைத் துணி தெரிகிறது. பின்னால் சுவரும் பச்சை. சால்வையின் சிவப்பு அத்தனை பச்சைக்கும் நடுவில் நிற்பதால்தான் அந்தக் கண் அப்படி நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

சினிமாவில் படத்தின் நிறத்தைத் திருத்தும் டிஐ அறையில் வேலை செய்யும் தம்பிகளிடம் ஒரு வார்த்தை. எந்த இனத்து மனிதரானாலும், மாநிறமோ கறுப்போ சிவப்போ, தோலின் நிறம் ஆரஞ்சுப் பக்கத்தில்தான் விழுகிறது. அதனால் பின்னணி முழுவதையும் நீலப்பச்சைக்குத் தள்ளினால் முகம் தானாக எழும். கணக்கு சரி. ஆனால் வெயில் கொளுத்தும் கரிசல் காட்டுக்கும், கடற்கரைக்கும், சமையலறைக்கும் அதே நீலப்பச்சையை ஊற்றும்போது அந்த இடங்கள் தம் வெளிச்சத்தை இழந்துவிடுகின்றன. பார்க்கவே எனக்கு வலிக்கிறது. ஒரு நிறத்தைக் கூட்டும் முன் அதன் பக்கத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பக்கத்து நிறம் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வான் கோவே சாட்சி. 1888 அக்டோபரில் தம் படுக்கையறையை வரைந்தார். மஞ்சள் கட்டில், வெளிர் ஊதாச் சுவர் என்று கடிதத்தில் எழுதினார். ஊதாவும் மஞ்சளும் நேர் எதிர் இணை. இன்று அந்த ஓவியத்தில் சுவர் நீலம். ஊதாவுக்காக அவர் கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டு மறைந்துவிட்டது. நாம் காலண்டரில் பார்த்துப் பழகிய அந்த நீல அறையை அவர் வரையவே இல்லை. சூராவின் தீவிலும் துத்தநாக மஞ்சள் பழுப்பேறிவிட்டது. வெயில் விழும் புல்லில் அவர் வைத்த மஞ்சள் புள்ளிகள் இன்று பழுப்புக் கறைகளாக நிற்கின்றன. பெரியப்பா சாயம் போட்ட புடவை ஒன்று என் அக்காவிடம் இருக்கிறது. அரக்கு அப்படியே இருக்கிறது, பச்சை வெளிறிவிட்டது. அரக்கும் மங்கிவிட்டதாகத்தான் எல்லோரும் சொல்கிறோம்.

மணி ஆறரை ஆகப்போகிறது. ஜன்னலைப் பாருங்கள். சூரியன் இறங்கிவிட்டது, வானத்திலிருந்து வருவது இப்போது நீல வெளிச்சம் மட்டும். வராந்தாவில் எரியும் குண்டு பல்பு சுமார் 2,700 கெல்வின், ஆரஞ்சுக்குப் பக்கம். பகலில் அது எரிவதே தெரியாது. இன்னும் அரை மணி போனால் வானம் கறுத்து, வெறும் பல்பாகிவிடும். வானமும் பல்பும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்துக்கு வரும் நேரம் இது ஒன்றுதான். பாரிஸில் அந்தி நெடுநேரம் நீளும். நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் நமக்கு அதிகம் போனால் பத்து நிமிடம். கேமரா வைத்திருப்பவர்கள் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்துவிட்டு, பகல் வெளிச்சத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வராந்தாத் தூணுக்குப் பக்கத்தில் யாரையாவது நிற்கச் சொல்லுங்கள். பல்பு ஒரு கன்னத்தில், வானம் இன்னொரு கன்னத்தில். கேள்விகளை அப்புறம் பேசிக்கொள்ளலாம். வாருங்கள், வெளியே போவோம்.